பாலர் பள்ளித் தலைமை: பதவியா, பணியா?

தலைமை என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். ஒன்று, உடம்பில் தலைபோல் மேலே இருத்தல். மற்றொன்று, முன்னே நின்று வழிகாட்டுதல். முன்னது இடத்தைக் குறிப்பது. பின்னது செயலைக் குறிப்பது. வீட்டுத் தலைவர், ஊர்த் தலைவர், சபைத் தலைவர் என்னும்போது இவ்விரண்டும் ஒருவரிடத்தே பொருந்தியிருக்கும் என்றே உலகம் எதிர்பார்க்கின்றது. எனினும் இரண்டும் பிரிந்து நிற்பதும் உண்டு. மேலே இருப்பவர் வழிகாட்டாதவராக இருக்கலாம். வழிகாட்டுபவர் மேலே ஏற்றப்படாதவராக இருக்கலாம். இப்பிரிவு எங்கே நேர்ந்தாலும் கேடுதான். பேசத் தொடங்கும் பருவத்துக் குழந்தைகள் பயிலும் இடத்தில் நேர்ந்தாலோ, அக்கேடு நெடுநாள் வெளியே தெரியாமலே வளரும்.

சிங்கப்பூரில் பாலர் கல்வி சென்ற பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கண்டுள்ள வளர்ச்சி பெரிது. அவ்வளர்ச்சியின் நடுவே 'தலைமைத்துவம்' என்னும் சொல் அரசாங்க ஏடுகளிலும் பயிற்சிக் கழகங்களிலும் ஓயாமல் ஒலிக்கின்றது. அச்சொல்லுக்கு அவ்வேடுகள் தரும் பொருள் எது, தர வேண்டிய பொருள் எது, இவற்றிடையே உள்ள தொலைவால் தமிழ்க் குழந்தைக்கு நேரும் இழப்பு எது என்பன ஆராய்தற்குரியன.

காவலிலிருந்து கல்விக்கு

மலாயாத் தோட்டப்புறத்தில் வாழ்ந்தோர் 'ஆயாக் கொட்டகை'யை அறிவர். விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்லும் தாய்மார் கைக்குழந்தைகளையும் நடைபழகும் பிள்ளைகளையும் விட்டுச் சென்ற இடம் அது. இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் அதற்குப் பிள்ளை மடுவம் என்று பெயர். முதிர்ந்த பெண்ணொருத்தி அங்கே ஆயாவாக இருப்பாள். தொட்டில் ஆட்டுவதும், பால் கலக்கிக் கொடுப்பதும், அழுத பிள்ளையைத் தேற்றுவதும் அவள் வேலை. அவள் பாடிய தாலாட்டும் சொன்ன கதையும் எத்தனையோ பிள்ளைகளுக்கு முதல் தமிழ்ப்பாடமாயின. ஆயினும் எந்தப் பதிவேட்டிலும் அவள் ஆசிரியை அல்லள். மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. ஏழு வயதை எட்டாத குழந்தை, சட்டத்தின் பார்வையில் காக்கப்பட வேண்டிய உயிராக இருந்ததேயன்றிக் கற்பிக்கப்பட வேண்டிய மனமாக இருக்கவில்லை.

சிங்கப்பூர் நகரத்துக் கதையும் ஏறத்தாழ இவ்வாறே தொடங்கிற்று. போருக்குப் பிந்திய பஞ்ச காலத்தில், 1946இல் அமைந்த சமூக நல இலாகா, 1947 முதல் குழந்தைகளுக்கு உணவு நிலையங்களை நடத்திற்று. பசித்த வயிற்றுக்குச் சோறு என்பதே அன்றைய நோக்கம். நாளடைவில் அவற்றின் வழியே சிறுவர் நிலையங்களும் குழந்தைக் காப்பகங்களும் தோன்றின. அரசாங்கம் நடத்திய காப்பகங்களை 1977இல் தொழிற்சங்கக் காங்கிரஸ் ஏற்றுக்கொண்டது. மறுபுறம், 1960களில் மக்கள் செயல் கட்சி தன் கிளைகளில் குறைந்த கட்டணத்தில் பாலர் பள்ளிகளைத் தொடங்கிற்று. 1986இல் அவற்றை நடத்தத் தனி அறநிறுவனம் அமைந்தது. 1988இல் பராமரிப்பு நிலையங்களுக்கென உரிமச் சட்டம் பிறந்தது. பாலர் பள்ளிகளோ கல்விச் சட்டத்தின்கீழ் இருந்தன. ஆக, குழந்தையைப் பேணும் இடம் ஓர் அமைச்சிடமும், குழந்தைக்குக் கற்பிக்கும் இடம் மற்றோர் அமைச்சிடமுமாகப் பல்லாண்டுகள் பிரிந்து நின்றன. பேணுதல் வேறு, கற்பித்தல் வேறு என்ற பழைய எண்ணமே இப்பிரிவின் வேர்.

இந்த வரலாறு ஏன் வேண்டும் எனின், தலைமையைப் பற்றிய எண்ணம் இதிலிருந்தே உருவாயிற்று. காவல் இடத்துக்கு வேண்டியவர் கண்காணிப்பாளர். கதவு பூட்டியிருக்கின்றதா, பால் கொதித்ததா, வருகைப் பதிவு முடிந்ததா என்று பார்ப்பவர் அவர். கல்வி இடத்துக்கு வேண்டியவரோ வழிகாட்டி. இடத்தின் தன்மை மாறிய பின்னும் தலைமையின் தன்மை பழைய கண்காணிப்பாகவே நின்றுவிடுதல் எந்நாட்டிலும் எளிதில் நிகழக்கூடியது.

தலைவர்களின் குரல்

2012ஆம் ஆண்டில் லியன் அறநிறுவனத்தின் முயற்சியால் இரண்டு வெளியீடுகள் வந்தன. ஒன்று, எக்கானமிஸ்ட் ஆய்வுப் பிரிவு 45 நாடுகளின் பாலர் கல்வியை ஒப்பிட்டு வெளியிட்ட பட்டியல். அதில் பின்லாந்து முதலிடத்திலும் சிங்கப்பூர் 29ஆம் இடத்திலும் நின்றன. தொடக்கப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு, அடிப்படியில் இடைவரிசைக்கும் கீழே நின்றது பலரையும் திடுக்கிடச் செய்தது. மற்றொன்று, பேராசிரியர் லின் ஆங் எழுதிய ஆய்வறிக்கை. பாலர் கல்வித் துறையை மேம்படுத்துவது குறித்து அத்துறைத் தலைவர்கள் என்ன எண்ணுகின்றனர் என்பதை அவர்களோடு நேர்முகமாக உரையாடித் தொகுத்தது அது.

இவ்வறிக்கையின் நற்பயன் மறுக்க முடியாதது. துறையினுள் தனித்தனியே முணுமுணுக்கப்பட்ட குறைகளைப் பொதுமன்றத்துக்குக் கொணர்ந்தது. பாலர் ஆசிரியரின் மதிப்பும் ஊதியமும் நாட்டின் கேள்வியாயின. ஆயினும் அதன் எல்லையையும் உணர்தல் வேண்டும். தலைப்பே கூறுவதுபோல் அது தலைவர்களின் பார்வை. உயரத்தில் நின்று பார்ப்பவர்க்குத் தோட்டத்தின் எல்லைகள் தெரியும். எந்தச் செடியின் வேரில் நீர் தேங்குகின்றது என்பது குனிந்து களையெடுப்பவர்க்கே தெரியும். 'தலைவர் யார்?' என்னும் கேள்வியைக் கேளாமலே, தலைவரெனப் பெயர் பெற்றவரிடம் தலைமையைப் பற்றிக் கேட்பது பாதி விடைதான் தரும்.

அரசாங்கம் வாளா இருக்கவில்லை. 2013 ஏப்ரலில் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு தோன்றிற்று. பிரிந்து கிடந்த பேணுதலும் கற்பித்தலும் ஒரு கூரையின்கீழ் வந்தன. 2014இல் கல்வி அமைச்சு தானே பாலர் பள்ளிகளை நடத்தத் தொடங்கிற்று. 2017ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணியில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், 2012இல் 36 கோடி வெள்ளியாக இருந்த ஆண்டுச் செலவு 84 கோடியாகியிருப்பதையும், 2022இல் அது 170 கோடியாகும் என்பதையும் எடுத்துரைத்தார். பாலர் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தேசியக் கழகம் ஒன்று அமையும் என்றும் அறிவித்தார். அதே ஆண்டில் நிறைவேறிய புதிய சட்டம் 2019இல் நடப்புக்கு வந்து, இருவகை நிலையங்களையும் ஒரே விதிக்குள் கொணர்ந்தது. அரசாங்க ஆதரவு பெறும் பெருநடத்துநர்கள் 2023 தொடங்கி இரண்டாண்டுகளில் ஆசிரியர் ஊதியத்தை 10 முதல் 30 விழுக்காடு வரை உயர்த்துவர் என 2022இல் அறிவிக்கப்பட்டது. இவையெல்லாம் பாராட்டத்தக்கன. இவற்றைக் கூறாது குறை கூறுதல் நடுநிலை ஆகாது.

ஏணியின் குறை

பாலர் பள்ளிகளின் தரத்தை அளக்க 2010இல் அறிவிக்கப்பட்டு 2011 முதல் நடப்புக்கு வந்த 'ஸ்பார்க்' என்னும் தர அங்கீகார முறை ஏழு கூறுகளை வகுத்தது. அவற்றுள் முதலாவது தலைமைத்துவம். திட்டமிடலும் நிருவாகமும், பணியாளர் மேலாண்மை, வளங்கள் ஆகியன அடுத்து வர, பாடத்திட்டமும் கற்பிக்கும் முறையும் அவற்றின் பின்னரே வருகின்றன. உடல்நலமும் பாதுகாப்பும் இறுதியாக நிற்கின்றன. தலைமையை முதலில் வைத்தது பொருத்தமே. ஆனால் தலைமையோடு தோளுரசி நிற்பவை நிருவாகமும் மேலாண்மையும். கற்பித்தலோ சற்றுத் தள்ளி நிற்கின்றது. வரிசைமுறை வெறும் வரிசைமுறைதானே என்று தள்ளிவிடலாகாது. ஆய்வாளர் வரும் நாளுக்காக ஆயத்தம் செய்யும் ஒரு நிலையத் தலைவர் முதலில் எதைச் சரிபார்ப்பார்? கோப்பையா, குழந்தையோடு ஆசிரியை பேசும் பேச்சையா? பள்ளி நிருவாகத்தில் பழகியோர்க்கு விடை தெரியும்.

2016இல் வெளியான பாலர் கல்வித் திறன் கட்டமைப்பு, பணியாளர் உயர்வுக்கு மூன்று பாதைகளைக் காட்டிற்று: மழலையர் பேணுநர், ஆசிரியர், தலைவர். இத்தொழிலுக்கு இது பெரும்பேறு. இத்துறையில் பணியாற்றுவோர், அவருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள், தம் தொழிலில் மேலே செல்ல வழியுண்டு என்று கண்டனர். ஆயினும் தலைவர் என்பது தனிப் பாதையாக வரையப்பட்டமையால் ஒரு கருத்து அதனுள் ஒளிந்து கொண்டது. பேணுநர் பேணுவார், ஆசிரியர் கற்பிப்பார், தலைவர் தலைமை தாங்குவார். அதாவது, முதலிருவர் செய்வது தலைமை அன்று. மூன்றாமவர் செய்வது கற்பித்தல் அன்று.

நல்ல ஆசிரியை ஒருவர் பத்தாண்டுப் பட்டறிவால் குழந்தையின் முகக்குறிப்பைப் படிக்கக் கற்றுக்கொள்கின்றார். அத்திறமைக்குப் பரிசாக அவர் தலைவராக்கப்படுகின்றார். மறுநாள் முதல் அவர் மேசையில் இருப்பவை கட்டணப் பட்டியல், விடுப்பு விண்ணப்பம், உரிமப் புதுப்பிப்பு, பெற்றோர் முறையீடு. எந்தத் திறமைக்காக உயர்த்தப்பட்டாரோ, அந்தத் திறமை உயர்வினாலேயே வகுப்பறையை விட்டு நீங்குகின்றது. காய்த்த மரத்தை வேரோடு பெயர்த்து வாயிலில் அலங்காரமாக நடுவது போன்றது இது. முதன்மை ஆசிரியர் என்னும் படி இக்குறையைப் போக்கத் தோன்றியது; 2015 முதல் தேர்ந்த தலைவர்களைப் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பின் சிறப்பாளர்களாக நியமித்துப் பிறர்க்கு வழிகாட்டச் செய்தலும் அவ்வழிப்பட்டதே. இவை நல்ல வித்துகள். ஆனால் வித்துக்கு நீர் வேண்டும்; இங்கே நீர் என்பது நேரம். முதலாம் ஆண்டுப் பாலர் வகுப்பில் ஓர் ஆசிரியர்க்கு 20 குழந்தைகள், இரண்டாம் ஆண்டில் 25 குழந்தைகள் என்பது விதி. இருபத்தைந்து குழந்தைகளை விட்டு எழுந்து சென்று பக்கத்து வகுப்பில் அமர்ந்து கவனிக்க முதன்மை ஆசிரியைக்கு நேரம் ஒதுக்கப்படாவிட்டால், 'முதன்மை' என்பது பெயருக்கு முன்னொட்டாகவே நிற்கும்.

ஆய்வு காட்டும் உண்மை

இது வெறும் ஊகம் அன்று. இங்கிலாந்தில் 1997இல் தொடங்கிக் கேதி சில்வா முதலிய அறிஞர் ஏறத்தாழ 3,000 குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். பணியாளரின் கல்வித் தகுதி உயர்ந்த நிலையங்களில், சிறப்பாகப் பயிற்சி பெற்ற ஆசிரியரே நிலையத்தின் பொறுப்பில் இருந்தவிடத்தில், தரமும் உயர்ந்திருந்தது. அவ்வாய்வின் கிளையாக எழுந்த மற்றோர் ஆய்வில் இராம் சிராஜ் முதலியோர் சிறந்த நிலையங்களின் உள்ளே புகுந்து பார்த்தனர். அங்கே அவர்கள் கண்ட சிறப்பு, பெரியவரும் குழந்தையும் மனமொன்றி ஒரு பொருளைப் பற்றித் தொடர்ந்து எண்ணிப் பேசும் உரையாடல். பணம் கொடுத்து வாங்கும் பொம்மையிலோ சுவர்ச் சித்திரத்திலோ அச்சிறப்பு இல்லை. பேச்சின் நீளத்திலும் ஆழத்திலும் இருந்தது. அப்பேச்சை வளர்க்கத் தெரிந்தவரே வளர்க்கக் கற்பிக்க முடியும்.

மாற்றுவழி கண்ட நகரமும் உண்டு. இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியாவில் 1963இல் நகராட்சியின் முதல் பாலர் பள்ளி திறக்கப்பட்டது. லோரிஸ் மாலகுஸ்ஸி வகுத்த அம்முறையில் பள்ளிக்குத் தலைமையாசிரியர் என்று எவரும் இல்லை. வகுப்புக்கு இருவர் இணையாகக் கற்பிப்பர். சில பள்ளிகளுக்குப் பொதுவாகக் கல்வியறிஞர் ஒருவர் முறைவைத்துச் சென்று ஆசிரியரோடு அமர்ந்து, குழந்தைகள் கூறியதையும் செய்ததையும் வைத்துக்கொண்டு ஆராய்வார். அங்கே தலைமை நாற்காலியில் இல்லை, உரையாடலில் இருக்கின்றது.

மரியா மாண்டிசோரி 1939இல் தம் அறுபத்தொன்பதாம் வயதில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போரின் காரணமாகத் திரும்ப இயலாது போயிற்று. கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கிப் பணியாற்றினார். உலகப் புகழ் பெற்ற பின்னும், முதுமை வந்த பின்னும், அவர் கைவிடாத ஒரு பழக்கம் குழந்தைகளின் நடுவே வாய்மூடி அமர்ந்து பார்த்தல். ஆசிரியர்க்கு அவர் வலியுறுத்திய முதற் பயிற்சியும் அதுவே. தமிழ் மண்ணில் நிகழ்ந்த இந்த எடுத்துக்காட்டைத் தமிழர் மறத்தல் தகாது.

தனித்து நிற்கும் தமிழாசிரியை

இனி இப்பொருளின் மையத்துக்கு வரலாம். சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காடு. பத்தாண்டுக்கு முன் அது 32.3. தமிழைப் பெரும்பாலும் பேசுவோர் 2.5 விழுக்காடே. குடிமக்களும் நிரந்தரவாசிகளுமாகிய தொகையில் இந்தியர் நூற்றுக்கு ஒன்பதின்மர். அவ்வொன்பதின்மரும் தமிழர் அல்லர். இக்கணக்கைப் பாலர் பள்ளிக்குள் கொண்டு சென்றால் உண்மை விளங்கும். நூறு குழந்தைகள் பயிலும் நிலையத்தில் சராசரியாக இந்தியக் குழந்தைகள் ஒன்பதின்மர். அவருள் தமிழ் பயில்வோர் இன்னும் குறைவு. அவரும் பல வயதினர். ஆதலால் தமிழாசிரியை இருந்தால் ஒருவர் இருப்பார். அல்லது ஒருவரே பல நிலையங்களுக்குச் சென்று வருவார். அல்லது எவரும் இரார்.

அந்த ஒருவருக்குத் தலைவர் யார்? நிலையத் தலைவர் இருக்கின்றார். ஆனால் அவர் தமிழ் அறிந்தவராக இருத்தல் அரிது. தமிழாசிரியை நேரத்துக்கு வந்தாரா, கனிவாக நடந்துகொண்டாரா, பாடக்குறிப்பேட்டை எழுதினாரா என்பதை அவர் காணலாம். அவர் பேசும் தமிழ் உயிருள்ள தமிழா, குழந்தையின் பேச்சை அது வளர்க்கின்றதா அடக்குகின்றதா என்பதைக் காணல் இயலாது.

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். சன்னலோரம் நிற்கும் நான்கு வயதுக் குழந்தை, 'டீச்சர், ரெய்ன் வருது' என்கின்றது. 'ரெய்ன் என்று சொல்லக் கூடாது. மழை பெய்கிறது என்று சொல்' என்று ஓர் ஆசிரியை திருத்துகின்றார். குழந்தை திருப்பிச் சொல்லிவிட்டு அமைதியாகின்றது. மற்றோர் ஆசிரியை, 'ஆமா, மழை வருதே! எங்கேயெல்லாம் நனையுது, பாரு' என்கின்றார். குழந்தை மரத்தைக் காட்டுகின்றது, சறுக்குமரத்தைக் காட்டுகின்றது, காக்கை எங்கே போயிற்று என்று கேட்கின்றது. முன்னவர் கடமை தவறியவர் அல்லர், சொல்லைத் திருத்தினார். பின்னவரோ பேச்சை வளர்த்தார். முதலாமவர் இரண்டாமவர் ஆவதற்கு வேண்டியது தண்டனை அன்று, சுற்றறிக்கை அன்று. அருகில் அமர்ந்து கேட்டு, வகுப்பு முடிந்ததும், 'அந்த இடத்தில் இப்படிக் கேட்டுப் பாருங்கள் அக்கா' என்று சொல்ல ஒரு மூத்த தோழி வேண்டும். அத்தோழியே தலைவர்.

இதில் மொழிக்கொள்கையும் அடங்கியுள்ளது. 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, தரமான பேச்சுத் தமிழைப் பள்ளியில் பழக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா, எந்தப் பேச்சுத் தமிழ், எந்த அளவில் என்னும் கேள்விகளில் அறிஞர்களே கருத்து வேறுபடுவர். அந்தக் கேள்விக்கு நாள்தோறும், கணந்தோறும், தனியொருத்தியாக நின்று விடை சொல்லுமாறு பாலர் பள்ளித் தமிழாசிரியை விடப்படுகின்றார். கடினமான முடிவுகளைத் தனியே எடுப்பவர் தலைவர் எனின், அவரே தலைவர். ஆனால் ஏணியில் அவர்க்கு அப்பெயர் இல்லை.

குழந்தைப் பருவத்தைக் கூர்ந்து நோக்குதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை வகுத்துச் சொல்கின்றது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைக் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று படிப்படியாகப் பிரித்துப் பாடுகின்றது. தலையெடுத்து ஆடும் பருவம், கைகொட்டும் பருவம், தளர்நடையிட்டு வரும் பருவம், நிலவைக் காட்டிப் பேசும் பருவம் என்பவை கவிஞர் கற்பனை மட்டும் அல்ல, நோக்கியறிந்த உண்மைகள். இத்தகைய செல்வத்தைக் கையில் வைத்திருப்பவர் தமிழாசிரியை. நிலையம் முழுவதற்கும் பாடம் திட்டமிடும் கூட்டத்தில் அவர் வாய்திறக்கும் நிலை இருந்தால், அச்செல்வம் தமிழ்க் குழந்தைக்கு மட்டுமன்றி எல்லாக் குழந்தைகளுக்கும் பயன்படும். மொழிப்பாடத்தை முடித்துவிட்டுச் செல்பவராக மட்டும் அவர் கருதப்பட்டால், அது பையிலேயே கிடக்கும்.

எதிர்வாதங்கள்

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, பொறுப்பு ஒருவரிடமே இருத்தல் வேண்டும்; பலர் தலைவரானால் குழந்தையின் பாதுகாப்புக்கு எவரும் விடைசொல்லார் என்பது. இது எளிதில் தள்ளத்தக்கதன்று. குழந்தைகள் முறைகேடாக நடத்தப்பட்டதாக எழுந்த புகார்களின் பின்னர், 2024 ஜூலை முதல் பாலர் பள்ளிகள் அனைத்திலும் கண்காணிப்புக் கேமராக்கள் கட்டாயமாக்கப்பட்டன. பெற்றோர் அச்சம் நியாயமானது, விதியும் தேவையானது. ஆனால் கேமரா என்ன செய்யும்? ஓங்கிய கையைப் பதிவு செய்யும். கை ஓங்குமளவுக்கு ஆசிரியை களைத்துப்போகுமுன் அவர் தோளைத் தொட்டு, 'நீங்கள் சற்று அமருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லாது. அதைச் சொல்ல அறைக்குள்ளேயே ஒருவர் வேண்டும். சட்டப்பொறுப்பு நிலையத் தலைவரிடம் இருக்கட்டும். வழிகாட்டும் பணி பலரிடம் பரவட்டும். ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது.

இரண்டாவது மறுப்பு செலவைப் பற்றியது. வகுப்பை விட்டு எழும் ஒவ்வொரு மணிக்கும் மாற்று ஆசிரியர் வேண்டும். உண்மையே. ஆனால் மனமுடைந்து வேலையை விட்டுச் செல்லும் ஆசிரியர்க்கு மாற்று ஆள் தேடிப் பயிற்றுவிக்கும் செலவும் செலவுதான். ஆசிரியை மாறும்போது குழந்தை இழக்கும் உறவுக்கோ விலையே இல்லை.

மூன்றாவது, தமிழாசிரியர் மிகச் சிலர். அவர்க்கெனத் தனித் தலைமை முறை எதற்கு என்பது. சிலராய் இருப்பதே தனி முறைக்குக் காரணம். பலராய் இருப்போர் தமக்குள்ளே ஒருவரையொருவர் பார்த்துக் கற்றுக்கொள்வர். சிதறிக் கிடப்பவரை ஒருவர் சென்று சேர்த்தல் வேண்டும்.

செய்யத்தக்கன

முதலாவது, ரெஜ்ஜியோவின் வழியைத் தமிழுக்குத் தக்கவாறு கொள்ளலாம். பட்டறிவுமிக்க தமிழ்ப் பாலர் ஆசிரியைகளில் சிலரைத் தேர்ந்து, ஒருவர்க்குச் சில நிலையங்களை ஒப்படைத்து, முறைவைத்துச் சென்று உடனமர்ந்து கவனித்து உரையாடும் பணியைத் தரலாம். நடத்துநர் யாராயினும் அவர் செல்லும் உரிமை வேண்டும். அவர் அறிக்கை எழுதும் அதிகாரியாக அன்றி, மாதிரிப் பாடம் நடத்திக் காட்டும் ஆசிரியராகவே செல்லுதல் வேண்டும். வகுப்பறையில் நிற்கும் நாட்களும் அவர்க்கு இருத்தல் வேண்டும். இல்லையேல் அவரும் நாளடைவில் கோப்புத் தலைவராவார்.

இரண்டாவது, சிதறி நிற்போர் கூட ஓர் இடம் வேண்டும். சிராங்கூன் சாலை வட்டாரம் தமிழ்க்கல்வியின் பழைய நிலம். 1930களில் இராமகிருஷ்ண மடத்தார் நோரிஸ் சாலையில் தமிழ்ப் பள்ளிகள் நடத்தினர். கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946இல் தோற்றுவித்த உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளியின் பெயரைத் தாங்கிய தமிழ்மொழி நிலையம் இன்று பீட்டி சாலையில், தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. உயர்நிலை மாணவர் தமிழ் பயிலும் அந்நிலையத்திலோ அதுபோன்ற ஓரிடத்திலோ, பாலர் ஆசிரியைகள் திங்கள்தோறும் கூடித் தத்தம் குழந்தைகள் பேசிய நான்கு வாக்கியங்களை முன்வைத்து ஆராயலாம். சனிக்கிழமை ஓய்வைப் பறித்து அன்று, வேலைநேரத்துக்குள்ளேயே.

மூன்றாவது, மழலையர் பேணுநரையும் மறத்தலாகாது. ஐந்து கைக்குழந்தைகளுக்கு ஒருவர் என்ற விதிப்படி பணியாற்றும் அவர், பால் புகட்டும்போது பேசும் பேச்சே குழந்தையின் முதற்பாடம். தோட்டத்து ஆயாவை ஏட்டில் எழுதாமல் விட்ட பிழையை இந்தக் காலத்திலும் செய்தல் முறையன்று. தலைமைப் பயிற்சி அவர்க்கும் உரியது.

இவற்றில் அரசாங்கத்தின் பங்கு பெரிது. ஆனால் சமுதாயத்தின் பங்கு சிறிதன்று. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வுத் துறையின் நூலகத்துக்காகக் கோ. சாரங்கபாணி தமிழ் முரசின் வாயிலாக 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். உழைக்கும் மக்கள் ஆளுக்கொரு வெள்ளியாக ஈந்தனர். தங்கள் பிள்ளைகள் அப்பல்கலைக்கழகத்தின் படியேறுவார்களா என்பது அவருள் பலர்க்குத் தெரியாது; ஆயினும் தமிழின் உச்சிக்கொம்பு தழைக்க வேண்டும் என்று கொடுத்தனர். அந்தப் பெருமையை இன்றும் பேசுகின்றோர், உச்சிக்கொம்புக்கு ஈந்த சமுதாயம் அடிவேருக்கு என்ன ஈந்தது என்றும் கேட்டுக்கொள்ளல் வேண்டும். தமிழ்ப் பாலர் ஆசிரியை ஒருவர் ஆண்டில் பத்து நாள் தம் வகுப்பை விட்டுச் சென்று மற்றொரு நிலையத்தில் வழிகாட்ட ஆகும் மாற்று ஆசிரியர் செலவை ஒரு சங்கம் ஏற்கலாம். ஒரு கோயில் ஏற்கலாம். ஒரு பள்ளிவாசல் ஏற்கலாம். மேடையும் மாலையும் இல்லாத கொடை அது. ஆதலால் அரிது, ஆதலாலேயே சிறந்தது.

பாலர் பள்ளித் தலைமை பதவியா, பணியா என்று கேட்டால், சட்டம் பதவி என்கின்றது. குழந்தை பணி என்கின்றது. சட்டத்தின் விடை நிலையத்தைத் திறந்துவைக்கப் போதும். ஆனால் தமிழில் வாய்திறக்கும் நான்கு வயதுக் குழந்தைக்கு விடை சொல்பவர், அவ்வாறு சொல்லத் தமக்கு முன்னவர் ஒருவரிடம் கற்றவராகவும், தமக்குப் பின்னவர் ஒருவர்க்குக் கற்பிப்பவராகவும் இருந்தாலன்றி, திறந்த நிலையத்துக்குள் தமிழ் நெடுநாள் நிலைத்திராது.